சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை

கோட்டை என்று சொன்னால் தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்குச் செஞ்சிதான் முதலில் நினைவுக்கு வரும். மலைகளை வளைத்து எழுந்த அந்த மதில்களும், தேசிங்குராஜனின் கதையும் நம் பிள்ளைப் பிராயத்திலேயே மனத்தில் பதிந்துவிட்டவை. வேலூர் என்றால் அகழியும், 1806ஆம் வருஷத்துச் சிப்பாய்களின் எழுச்சியும் கண்முன் நிற்கும். இவற்றையெல்லாம் பார்த்த கண்ணோடு சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர், "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிடக் கூடும். மலையில்லை, அகழியில்லை, அரசனும் இல்லை, அரசியும் இல்லை. கடலோரத்தில் இடிந்தும் இடியாமலும் நிற்கும் செங்கல் மதில், வாசலில் பீரங்கி, உள்ளே சில கிடங்குகள், ஒரு கல்லறைத் தோட்டம், அவ்வளவே.

ஆயினும், நேயர்களே, நம் நாடு எப்படி நம் கையை விட்டுப் போயிற்று என்று குழந்தைகள் கேட்டால், அவர்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவதற்கு இதைவிடத் தகுந்த இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆற்காட்டு ராஜ்யத்துக்கு யார் நவாபாக இருப்பது என்று இரண்டு அந்நியக் கும்பினிகள், மூன்றாவது அந்நியக் கும்பினியின் வீட்டில் உட்கார்ந்து வாதாடிய இடம் இது. அந்த விவரத்தைப் பின்னால் சொல்லுகிறேன். முதலில் வழியைச் சொல்ல வேண்டும்.

வழியில் கண்ட இரண்டு சுவர்கள்

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குப் போகும் சாலையில் செய்யாற்றங்கரையை ஒட்டி இருப்பது எங்கள் பெருநகர். பெயர்தான் பெருநகரே தவிர, ஊர் கிராமந்தான். நெல்லும் கரும்பும் விளையும் பூமி, பிரம்மபுரீசுவரர் கோயில், தைப்பூசத்தன்று சுற்றூர்ச் சுவாமிகள் ஆற்று மணலில் கூடும் திருவிழா. இவற்றின் நடுவே வளர்கிற பிள்ளைகளுக்குச் சரித்திரம் என்றால் டில்லியிலும் கல்கத்தாவிலும் நடந்தது என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. அதைப் போக்கும் பொருட்டு, பொங்கல் விடுமுறை முடிந்த ஒரு சனிக்கிழமை, ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியரை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் புறப்பட்டேன்.

உத்தரமேரூரில் முதலில் இறங்கினோம். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆகிய வருஷங்களில், அதாவது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஊர்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விதி விதியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்கில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்ஸர வாரியம் என்று வேலைக்கு வேலை தனி வாரியம். பதவி ஒரு வருஷத்துக்குத்தான். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய சுற்றமும் மறுபடி நிற்க முடியாது.

பிள்ளைகள் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். "கணக்குக் காட்டாவிட்டால் மாமனாருக்குக்கூடப் பதவி கிடையாதா?" என்று ஒரு பையன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். இந்தச் சுவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் ஏற்றினேன்.

செங்கற்பட்டு வழியாகத் திருக்கழுக்குன்றம் சேர்ந்தோம். மலை ஏறுகிறவர்களில் பலர் கவனியாமல் போய்விடும் ஒருகல் மண்டபம் அங்கே இருக்கிறது. பல்லவர் காலத்தில் குன்றைக் குடைந்து செய்த குடைவரைக் கோயில். அதன் கல்லில் 17ஆம் நூற்றாண்டில் வந்து போன ஒல்லாந்தர்கள், நாம் டச்சுக்காரர் என்று சொல்கிறோமே அவர்கள், தம்முடைய பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்தில் வியாபாரம் செய்தவர்கள் மலைக் காற்று வாங்க இங்கே வருவது வழக்கம் போலும்! பிறத்தியார் வீட்டுச் சுவரில் தன் பெயரைக் கிறுக்கும் பழக்கம் இக்காலத்து இளைஞர்களோடு தோன்றியதன்று என்பது தெரிகிறது.

பட்டினத்தின் பழைய பெயர்

திருக்கழுக்குன்றத்திலிருந்து கிழக்கே போனால், பக்கிங்ஹாம் கால்வாயைக் கடந்து கடலோரத்தை அடையலாம். சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர், மாமல்லபுரத்துக்கும் தெற்கே. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் அண்டை வீடு என்று சொன்னால் எல்லாருக்கும் எளிதில் விளங்கும்.

இந்த ஊரை ஒல்லாந்தர் உண்டாக்கினார்கள் என்று நினைப்பது தவறு. அவர்கள் இங்கே காலடி வைப்பதற்கு முந்நூறு வருஷங்களுக்கு முன்பே இது பெயர் பெற்ற துறைமுகம். 14ஆம் நூற்றாண்டில் தொண்டை மண்டலத்தை ஆண்ட ராஜநாராயணச் சம்புவராயனுடைய பெயரால் இதற்கு ராஜநாராயணப் பட்டினம் என்று பெயர் வழங்கியது. பிற்காலத்தில் சதுரங்கப்பட்டினம் ஆயிற்று. ஐரோப்பியரின் நாவில் அந்தப் பெயர் புரளாமல் 'சத்ராஸ்' என்று குறுகியது. உள்நாட்டில் நூற்ற நூலும் நெய்த துணியும் வண்டியேறி இந்தக் கரைக்கு வந்தன; இங்கிருந்து கப்பலேறிக் கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போயின. அந்த வியாபாரத்தின் மணத்தை மோப்பம் பிடித்துக்கொண்டுதான் ஒல்லாந்தர் வந்தார்கள்.

துணிக்கு ஒரு கோட்டை

1602ஆம் வருஷத்தில் ஒல்லாந்த தேசத்து வியாபாரிகள் ஒன்று கூடிக் கிழக்கிந்தியக் கும்பினி ஒன்றை அமைத்தார்கள். அவர்களுடைய நாட்டம் முழுவதும் ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கிராம்பு ஆகியவற்றின் மேல். இவை விளையும் தீவுகளோ ஜாவாவுக்கும் அப்பால் கிழக்கே இருக்கின்றன. அந்தத் தீவு மக்களுக்கு ஒல்லாந்து நாட்டுச் சரக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர்கள் விரும்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: சோழமண்டலக் கரையின் துணி. நம் நெசவாளர் நெய்து, சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏற்றிய துணி இருந்தால்தான் அங்கே கிராம்புக்கு வழி பிறக்கும்.

ஆகையால் ஒல்லாந்தர் இந்தக் கரையில் வரிசையாக இடம் பிடித்தார்கள். 1613இல் பழவேற்காட்டில் கெல்திரியா என்ற கோட்டை எழுந்தது. 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தார்கள். 1690இல் தலைமை இடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இவ்விரண்டுக்கும் இடையே துணி வாங்கிச் சேர்ப்பதற்கு வாய்ப்பான ஊராக அமைந்தது சதுரங்கப்பட்டினம்.

அதே நூற்றாண்டில் உலகத்தின் மறுபுறத்தில் ஸ்பானியர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அமெரிக்காவில் ஃபிளாரிடாக் கரையிலே, சான் அகஸ்டின் என்ற ஊரில், 1672ஆம் வருஷத்தில் அவர்கள் ஒரு பெரிய கற்கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். கிளிஞ்சல்கள் இறுகிக் கல்லான ஒரு வகைப் பாறையை அறுத்துக் கட்டிய அந்தக் கோட்டை இன்றும் நிற்கிறது. அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளியை ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குத் திரும்பும் கப்பல்களின் கடல்வழிக்குக் காவலாக அது அமைந்தது. அந்த வெள்ளியில் ஒரு பங்கு ஸ்பெயினிலிருந்து ஒல்லாந்துக்குப் போயிற்று; ஒல்லாந்திலிருந்து கப்பலேறிச் சோழமண்டலக் கரைக்கு வந்தது; இங்கே துணியாக மாறிற்று. அங்கே வெள்ளிக்குக் கோட்டை. இங்கே துணிக்குக் கோட்டை. இரண்டுக்கும் நடுவே ஒரே வியாபாரச் சங்கிலி.

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் நுழைந்ததும் அது துணிக்காகவே கட்டப்பட்டது என்பது எளிதில் விளங்கும். அரசன் கட்டிய கோட்டையில் கொலுமண்டபமும் அந்தப்புரமும் இருக்கும். இங்கே கண்ணில் படுவன நீண்ட கிடங்குகள். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பருத்த சுவர்கள். யானை மேல் ஏறுவதற்கென்று சொல்லப்படும் மேடை ஒன்றையும் காட்டுகிறார்கள். மதிலின் மேல் நின்று கிழக்கே பார்த்தால் வங்காள விரிகுடா. துறைமுகம் என்று சொல்லத்தக்க வளைவு எதுவும் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும்; கரையிலிருந்து நம் மீனவர் படகுகளில் சரக்கைச் சுமந்து, அலைகளைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அவர்கள் துடுப்புப் போடாவிட்டால் ஒல்லாந்தரின் வியாபாரம் ஒரு நாளும் நடந்திராது.

எங்களோடு வந்த மாணவி ஒருத்தி தறி ஓடும் வீட்டுப் பெண். அவள் கிடங்குச் சுவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஐயா, நெய்தவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்டாள். மற்றவர்கள் பீரங்கியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் கேட்ட கேள்வி இது!

அவளுக்குச் சொன்ன பதிலை இங்கும் சொல்லுகிறேன். கும்பினி நேராக நெசவாளரிடம் போவதில்லை. உள்ளூர் வணிகரிடம் முன்பணம் கொடுக்கும். வணிகர் அதைக் கிராமம் கிராமமாகத் தறிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நெசவாளர் அதில் நூல் வாங்க வேண்டும். துணி முடிகிற வரையில் வயிற்றையும் கழுவிக்கொள்ள வேண்டும். நெய்து வந்த துணியைக் கிடங்கிலே மாதிரித் துணியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நீளம் குறைந்தாலோ, இழை குறைந்தாலோ, தரம் தாழ்ந்ததென்று விலையைக் குறைப்பார்கள். அல்லது திருப்பி விடுவார்கள். திரும்பி வந்த துணிக்குச் சொந்தக்காரன் முன்பணத்துக்குக் கடன்காரனாகி நிற்பான். அடுத்த துணியையும் அதே கும்பினிக்குத்தான் அவன் நெய்ய வேண்டும். நல்ல காலத்தில், வாங்குகிறவர்கள் பலராக இருந்தபோது, நெசவாளருக்குப் பேரம் பேசவும், பிடிக்காவிட்டால் வேறு ஊருக்குக் குடிபெயரவும் வழி இருந்தது. ஒரே கும்பினியின் கை ஓங்கிய பிறகு அந்த வழியும் அடைபட்டது.

துணியின் மறுகோடியில் நடந்ததும் நல்ல கதையன்று. ஜாதிக்காய் விளையும் பாண்டாத் தீவுகளில், பிறருக்கு விற்கக் கூடாது என்ற கட்டளைக்கு அடங்காத மக்களை, 1621ஆம் வருஷத்தில் ஒல்லாந்தத் தலைவன் யான் கூன் என்பவன் படையோடு சென்று அழித்தான். பெரும்பாலோர் மாண்டார்கள், எஞ்சியவர்கள் அடிமைகளானார்கள். சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம் பட்டினியால் வாடிய நம் ஜனங்களையும் விலைக்கு வாங்கி, பத்தேவியாவுக்கும் இலங்கைக்கும் அடிமைகளாக ஏற்றினார்கள். இன்றைய ஜாகார்த்தாதான் அன்றைய பத்தேவியா. கிடங்கில் அடுக்கிய துணி மூட்டைகளைப் பற்றிப் பேசும்போது, துணியோடு கூட மனிதர்களும் இந்தக் கரையிலிருந்து கப்பலேறினார்கள் என்பதை மறக்கலாகாது.

கல்லறைத் தோட்டம்

கோட்டையில் அழகு என்று சொல்லத்தக்கது கல்லறைத் தோட்டம். கருங்கற் பலகைகளில் ஒல்லாந்தரின் குலச் சின்னங்களும், பூங்கொடிகளும், எழுத்துக்களும் புடைத்து நிற்கும்படி செதுக்கப்பட்டிருக்கின்றன. இவற்றை 1897ஆம் வருஷத்தில் அலெக்ஸாண்டர் ரீ என்ற தொல்பொருள் அறிஞர் வரைபடங்களோடு நூலாக வெளியிட்டார்.

எழுத்து அந்நிய எழுத்து. உளி தமிழ் உளி. கோயில் தூண்களில் கொடியும் அன்னமும் செதுக்கிப் பழகிய கை, தனக்கு ஒரு சொல்லும் விளங்காத மொழியின் எழுத்துக்களை ஒரு பிழையும் இன்றிக் கல்லில் எழுப்பியிருக்கிறது. சோழமண்டலக் கரையில் வேலை செய்த கல்லறைக் கற்கள் பத்தேவியாவுக்குக்கூடக் கப்பலேறின. கல்லின் அடியில் உறங்குகிறவர்களின் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன. செதுக்கிய சிற்பியின் பெயர் ஒன்றேனும் தெரியவில்லை.

இறந்தவர்களிடம் நமக்குப் பகையில்லை. கடல் கடந்து வந்து, அம்மையிலும் காய்ச்சலிலும் மாண்டு, தாய்நாட்டைத் திரும்பக் காணாமல் போனவர்கள் அவர்கள். கல்லறைக்கு முன் பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

1754ஆம் வருஷத்துப் பேச்சு

இனி, முதலில் சொல்லாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

1749ஆம் வருஷத்தில் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். பட்டத்துக்குச் சந்தா சாகிப் உரிமை கொண்டாடினார். அன்வருத்தீனின் மகன் முகம்மது அலியும் உரிமை கொண்டாடினார். சந்தா சாகிபைப் புதுச்சேரிக் கவர்னர் டூப்ளே தாங்கினார். முகம்மது அலியைச் சென்னை ஆங்கிலேயர் தாங்கினார்கள். ஐந்து வருஷ காலம் ஆற்காடும் திருச்சிராப்பள்ளியும் போர்க்களமாயின. 1752இல் சந்தா சாகிப் கொல்லப்பட்ட பிறகும் சண்டை ஓயவில்லை. இரு கும்பினிகளின் கஜானாவும் காலியாகிக்கொண்டு வந்தது. இலண்டனிலும் பாரிஸிலும் இருந்த முதலாளிகள் முகம் சுளித்தார்கள். ஆகவே பேசிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

எங்கே பேசுவது? சென்னைக்குப் பிரெஞ்சுக்காரர் வரமாட்டார்கள். புதுச்சேரிக்கு ஆங்கிலேயர் போகமாட்டார்கள். இரண்டுக்கும் இடையில், இரண்டு கட்சியிலும் சேராத ஒல்லாந்தரின் சதுரங்கப்பட்டினம் இருந்தது. 1754ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் இங்கே கூடினார்கள். ஆங்கிலேயர் தரப்பில் ராபர்ட் பாக், ஹென்றி வான்சிட்டார்ட் என்ற இருவர் வந்தார்கள். பிரெஞ்சுத் தரப்பில் லவோர் என்ற பாதிரியாரும், டூப்ளேயின் உறவினரான கெர்ஜானும், பொஸ்ஸேயும் வந்தார்கள்.

முகம்மது அலியே கர்நாடகத்து நவாப் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள் ஆங்கிலேயர். கிருஷ்ணா நதிக்குத் தெற்கே டூப்ளேக்கு உள்ள அதிகாரத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள் பிரெஞ்சுக்காரர். டில்லிப் பாதுஷாவின் பெயராலும் தக்கணத்துச் சுபேதார்களின் பெயராலும் எழுதிய சன்னதுகளைப் பற்றி வாதாடினார்கள். ஒருவர் ஆவணத்தை மற்றவர் நம்பவில்லை. முடிவு ஒன்றும் ஏற்படாமல் பேச்சு முறிந்தது. அதே வருஷம் ஆகஸ்டு மாதம் புதுக் கவர்னர் வந்திறங்க, டூப்ளே பதவி இழந்து, சில மாதங்களில் பிரான்சுக்குக் கப்பலேறினார்.

அந்தப் பேச்சில் கலந்துகொண்டவர்கள் பிற்பாடு அடைந்த உயர்வைப் பாருங்கள். வான்சிட்டார்ட் 1760இல் வங்காளத்துக் கவர்னரானார். பாக் 1763இல் சென்னைக் கவர்னரானார்; நமக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள கடலுக்குப் பாக் ஜலசந்தி என்று இன்றும் வழங்குகிறோமே, அது இவருடைய பெயர்தான்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த பையன் ஒருவன், உத்தரமேரூரில் மாமனாரைப் பற்றிக் கேட்டானே அவன்தான், "நம்மவர்கள் யாராவது அந்தப் பேச்சுக்கு வந்தார்களா, ஐயா?" என்று கேட்டான்.

அருமையான கேள்வி. நம்மவர்கள் இல்லாமல் அந்நியருக்கு ஒரு நாளும் பொழுது விடிந்ததில்லை. துபாஷிகள் இருந்தார்கள், பல்லக்குச் சுமந்தவர்கள் இருந்தார்கள், சமைத்தவர்கள் இருந்தார்கள். புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை அக்காலத்து நடப்புக்களைத் தமிழிலே நாட்குறிப்பாக எழுதி வைத்தார். அந்த நாட்குறிப்பு இல்லாவிட்டால் நமக்கு எவ்வளவோ விஷயங்கள் தெரியாமலே போயிருக்கும். ஆயினும், சதுரங்கப்பட்டினத்தில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிய இரு தரப்புப் பிரதிநிதிகளில் இந்த நாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. வரி கொடுக்கிறவன் நம் குடியானவன். சண்டையில் பயிர் அழிந்தவன் நம் குடியானவன். அவனை யார் ஆள்வது என்ற பேச்சில் அவனுக்கு வாயில்லை.

பேச்சு முறிந்த பிறகு

சதுரங்கப்பட்டினத்தில் பேசித் தீராதது எங்கள் ஊருக்கு அருகிலே பீரங்கியால் தீர்ந்தது. 1760ஆம் வருஷம் ஜனவரி 22ஆம் தேதி வந்தவாசியில் ஐர் கூட்டின் தலைமையில் ஆங்கிலேயர் படை, லாலியின் பிரெஞ்சுப் படையை முறியடித்தது. மறு வருஷம் ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. முகம்மது அலி நவாபானார். பட்டம் வாங்கிக் கொடுத்தவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டாமா? 1763ஆம் வருஷத்தில் செங்கற்பட்டுச் சீமையை ஆங்கிலக் கும்பினிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்துவிட்டார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு குடத்தில் ஓலையிட்டு வாரியம் அமைத்த உத்தரமேரூரும், அதன் ஏரியும், வயலும், குடிகளும் அந்த எழுத்தில் அடக்கம்.

அதோடும் துன்பம் நிற்கவில்லை. 1780இல் மைசூர் ஹைதர் அலி பெரும்படையோடு இறங்கி, செப்டம்பர் மாதம் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலப் படையைச் சின்னாபின்னமாக்கினார். கிராமங்கள் சூறையாடப்பட்டன, ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள்.

அதே சமயம் ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் ஒல்லாந்தருக்கும் போர் மூண்டது. அமெரிக்கர் விடுதலைக்குப் போராடிய காலம் அது. அவர்களுக்கு ஒல்லாந்தர் உதவுகிறார்கள் என்று ஆங்கிலேயருக்குக் கோபம். அந்தக் கோபத்தின் வீச்சு 1781இல் இங்கே வந்து தாக்கியது. சதுரங்கப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் எல்லாம் ஆங்கிலேயர் கைப்பட்டன. 1782ஆம் வருஷம் பிப்ரவரி 17ஆம் தேதி இவ்வூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுப்ராங்குக்கும் ஆங்கிலத் தளபதி ஹியூஸுக்கும் கப்பற்போர் நடந்தது. சேதப்பட்ட கப்பல்களோடு ஹியூஸ் திருகோணமலைக்குத் திரும்பினார்; சுப்ராங்கு பரங்கிப்பேட்டைக்குச் சென்று, ஹைதருக்கு உதவியாகப் படையை இறக்கினார். அமெரிக்காவில் பற்றிய நெருப்பின் புகை செங்கற்பட்டுக் கரை வரையில் வந்து சூழ்ந்தது.

கடைசியில், 1824ஆம் வருஷம் மார்ச்சு மாதம் இலண்டனில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். கீழ்த்திசைத் தீவுகள் ஒருவருக்கு, இந்தியக் கரை மற்றவருக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். 1825இல் சதுரங்கப்பட்டினம் ஆங்கிலேயருக்குக் கைமாறியது. அந்த உடன்படிக்கையிலும் நம்மை யாரும் கேட்கவில்லை.

இரண்டு சுவர்களுக்கு நடுவே

உத்தரமேரூர்ச் சுவரைக் காட்டிப் பழம்பெருமை பேசுவது எளிது. மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் கல்வெட்டை முழுவதும் படித்துப் பார்க்க வேண்டும். குடத்தில் ஓலையிடத் தகுதி பெற்றவன் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவனாக இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உள்ளும் இருக்க வேண்டும். வேத சாஸ்திரப் பயிற்சியும் வேண்டும். உழுகிறவனுக்கும் நெய்கிறவனுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை. தறி வீட்டு மாணவி காலையிலேயே இதைக் கவனித்து, "எங்கள் வீட்டார் பெயர் அந்தக் குடத்தில் இருந்திருக்காது அல்லவா?" என்று கேட்டாள். இருந்திராது என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே, முன்னாளில் எல்லாம் பொன்னாயிருந்தது, அந்நியன் வந்து கெடுத்தான் என்று முடித்துவிட்டால் சரித்திரம் பாதியாய்ப் போகும். ஊரில் பெரும்பாலோருக்கு வாயில்லாமல் இருந்த நிலைமை, அந்நியன் வந்தபோது அவனுக்கு வசதியாகப் போயிற்று. ராஜாவோடும் நவாபோடும் சில வணிகரோடும் பேசி முடித்துக்கொண்டால் போதும். மற்றவர்கள் கேட்கமாட்டார்கள் என்று அவன் கண்டுகொண்டான். கோட்டை மதில் அதன் பிறகு எழுந்தது.

உழுகிறவனும் நெய்கிறவனும், ஆணும் பெண்ணும், ஒரே மாதிரி ஓட்டுப் போடும் உரிமையை 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம் அளித்தது. 1951, 52இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. உத்தரமேரூர்க் குடத்தில் இடம் பெறாதவர்களுடைய பெயரும், சதுரங்கப்பட்டினத்து மேஜையில் நாற்காலி கிடைக்காதவர்களுடைய பெயரும் அன்றுதான் ஒரே பட்டியலில் ஏறின. இந்த இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்த்த பிள்ளைகளுக்கு, பதினெட்டு வயதில் கையில் வைக்கும் மை எத்தனை விலை பெற்றது என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு

கோட்டை இன்று மத்திய அரசாங்கத்துத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அகழ்ந்து பார்த்தவர்களுக்கு ஒல்லாந்தர் புகை குடித்த மண் குழல்களும் சீனத்துப் பீங்கான் துண்டுகளும் அகப்பட்டன. மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் இன்னும் சிறிது தூரம் தெற்கே வருகிறவர்கள் மிகச் சிலரே. நாங்கள் போயிருந்த சனிக்கிழமை, எங்களைத் தவிர ஒரு குடும்பமும், மதில் நிழலில் தூங்கிய இரண்டு ஆடுகளுமே இருந்தன.

குடும்பத்தோடு போகிறவர்கள் காலையில் புறப்பட்டு, திருக்கழுக்குன்றத்தில் ஒருகல் மண்டபத்தைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கோட்டைக்கு வந்துவிடுவது நல்லது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். கிடங்குகளின் சில பகுதிகள் இருண்டும் சிதைந்தும் இருப்பதால் சிறு குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். சுவரில் பெயர் எழுதுகிறவர்களைக் கண்டால் தயங்காமல் தடுங்கள். ஒல்லாந்தர் பல்லவர் குகையில் செய்த வேலையை நாம் ஒல்லாந்தர் மதிலில் செய்து பழி தீர்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

இடிந்த செங்கல்லைப் பார்த்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். கிடங்குக்கு முன் சற்று உட்கார்ந்து, இங்கே என்ன அடுக்கினார்கள், யார் நெய்தார்கள், யார் படகில் ஏற்றினார்கள், யார் விலை வைத்தார்கள், யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்று குழந்தைகளைக் கேளுங்கள். பதில்களை அவர்களே கண்டுபிடித்துக் கொள்வார்கள். பெரியவர்கள் கேட்கத் தவறிய வேறு சில கேள்விகளையும் அவர்கள் கேட்பார்கள். அதற்கும் சித்தமாகப் போங்கள்.